நான் லீவில் இருந்த நாளில் என் ஸ்டாம்ப் விழுந்திருக்கிறது!

ஓசூர் பக்கமிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், நிறுவனம், அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 31. மெக்கானிக்கல் டிப்ளமோ. வெளிநாட்டு விமானங்களுக்கு உலோகப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஏழு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இவர்கள் செய்யும் பிராக்கெட் நேராக விமானக் கம்பெனிக்குப் போவதில்லை, நடுவில் இன்னொரு பெரிய சப்ளையர் இருக்கிறார். மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஒன்பது இன்ஸ்பெக்டர்கள் இருந்த இடத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று இப்போது நான்கு பேர்தான். ஆர்டர் மட்டும் குறையவில்லை.

போன மாதம் 60 பிராக்கெட் கொண்ட ஒரு லாட்டை அளந்திருக்கிறார். ஒரு துளையின் விட்டம், டாலரன்ஸை (அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசத்தை) தாண்டி 40 மைக்ரான், அதாவது 0.04 மில்லிமீட்டர் கூடுதல். முறைப்படி என்சிஆர் (பாகம் தேறவில்லை என்ற பதிவு) போட்டுவிட்டு, மனைவியின் வளைகாப்புக்காக இரண்டு நாள் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் என்சிஆர் சிஸ்டத்தில் இல்லை. லாட் டிஸ்பாட்ச் ஆகிவிட்டது. பாகம் தாண்டிவந்த ஒவ்வொரு கட்டத்தையும் குறிக்கும் ரூட் கார்டில், கடைசி ஆய்வுக் கட்டத்தில் சனிக்கிழமை தேதியோடு, ‘பார்த்தேன், சரி’ என்று சொல்லும் இவருடைய எண் போட்ட ஸ்டாம்ப். சனிக்கிழமை இவர் தருமபுரியில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு இன்சார்ஜ் சொன்ன பதில்: “கஸ்டமர் ஏத்துக்குவான். நீ ஏன் பெருசு பண்றே?”

கடிதத்தின் நான்காம் பக்கத்தில்தான் அவர் உண்மையாகவே சொல்ல வந்தது இருக்கிறது. அதற்கு முன்பே, இரண்டு மாத முடிவுகளில், இன்சார்ஜ் நெருக்கியதால் பழைய லாட்டின் அளவுகளையே எழுதி, அளக்காமலே இவரே ஸ்டாம்ப் அடித்திருக்கிறார். இரண்டு லாட். “அகமதாபாத் விபத்து வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து தூக்கமே இல்லை மேடம்” என்கிறார். இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் முடிய எட்டு மாதம் இருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்கள் ஹெச்ஆரிடம் இருக்கின்றன. ஜெயிலுக்குப் போவேனா, சத்தமில்லாமல் ரிசைன் செய்துவிடலாமா, யூடியூப் சேனல் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாமா, அமெரிக்காவுக்கு எழுதினால் கோடிக்கணக்கில் பரிசு தருவார்கள் என்று நண்பர் சொல்கிறாரே என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நடுவே ஒரு வரி: “போயிங்கிலேயே இப்படித்தான் நடக்குதுன்னா நாங்க எம்மாத்திரம்?”

தம்பி, முதலில் அகமதாபாத்தை உங்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். 2025 ஜூன் 12 விபத்து பற்றி ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, விமானம் மேலெழுந்த சில நொடிகளில் இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் அடுத்தடுத்து ‘கட்-ஆஃப்’ நிலைக்குப் போனதைத்தான் சொல்கிறது. பாகங்களின் தரத்தை அந்த அறிக்கை காரணமாகச் சொல்லவில்லை. உங்கள் பிராக்கெட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போட எந்த ஆதாரமும் இல்லை. குற்ற உணர்ச்சிக்குக் காரணம் வேண்டுமென்றால் உங்களிடம் அந்த இரண்டு லாட் இருக்கிறது, அதுவே போதும். பார்க்காத பிணங்களை வேறு சுமக்க வேண்டாம்.

அடுத்தது அந்தப் போயிங் வரி. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் நீங்கள் அதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அதில் ஆறுதல் கிடைக்காது.

1997-இல் மெக்டோனல் டக்ளஸ் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகு, பொறியாளர்கள் கையில் இருந்த போயிங் கணக்கர்கள் கைக்குப் போனது என்று அங்கே பழைய ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள். 2001-இல் தலைமை அலுவலகம் விமானம் கட்டும் சியாட்டிலை விட்டு சிகாகோவுக்குப் போனது. 2005-இல், விமான உடல்பகுதிகளைச் செய்துவந்த விச்சிட்டா ஆலையையே விற்றுவிட்டார்கள். அதுதான் ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் ஆனது. 2013 முதல் 2019 வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க மட்டும் சுமார் 4,300 கோடி டாலர் செலவழித்தார்கள். 2019-இல் சியாட்டில் பகுதி ஆலைகளில் ஏறத்தாழ 900 இன்ஸ்பெக்டர் வேலைகளை இரண்டு வருடத்தில் குறைக்கப் போவதாகத் தெரிந்தபோது தொழிற்சங்கம் சண்டை பிடித்தது. ஒன்பது பேர் நான்கு பேரான உங்கள் கதையின் பெரிய பதிப்பு அது.

ஒரு வழக்கறிஞராக நான் கவனிப்பது வேறு. மேலே சொன்னவற்றில் எதுவும் குற்றம் இல்லை. ஆலையை விற்கலாம், பங்கை வாங்கலாம், இன்ஸ்பெக்டர்களைக் குறைக்கலாம். புத்திசாலித்தனமா என்பது தனிக் கேள்வி, சட்டம் அதைக் கேட்பதில்லை. உங்கள் நிறுவனம் ஐந்து பேரைக் குறைத்ததற்காகவும் நீங்கள் வழக்குப் போட முடியாது. காகிதம் பொய் சொல்லும் இடத்தில்தான் சட்டம் உள்ளே வருகிறது. இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்த பிறகு, 2021 ஜனவரியில் போயிங் 250 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்ட வழக்கின் குற்றச்சாட்டு என்ன தெரியுமா? விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்கேஸ் என்ற மென்பொருளைப் பற்றி, அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ-வை ஏமாற்றியது. செலவைக் குறைத்தது குற்றச்சாட்டில் இல்லை. அந்த விவகாரத்தில் கிரிமினல் வழக்கைத் தனியாளாகச் சந்தித்தது ஒரே ஒருவர், டெக்னிக்கல் பைலட் ஒருவர். தலைமை அதிகாரி யாரும் கூண்டில் ஏறவில்லை. அந்த பைலட்டும் 2022-இல் விடுதலையானார்.

விடுதலையாகாத ஒருவர் கதையும் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முக்கியம். ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் அலுமினியப் பாகங்கள் செய்யும் சாபா புரொஃபைல்ஸ் என்ற நிறுவனம். அங்கே பரிசோதனைக்கூடத்தில் உலோகத்தின் இழுவலிமைச் சோதனை முடிவுகளை 19 வருடமாகத் திருத்தி எழுதி, தேறாததைத் தேறியதாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அலுமினியம் நாசாவின் ராக்கெட்டுகளுக்கும் போனது. 2009-இலும் 2011-இலும் ஏவிய இரண்டு செயற்கைக்கோள்கள், மூக்குக் கூம்பு பிரியாமல் கடலில் போய் விழுந்தன. நாசாவின் விசாரணை இந்தப் பாகங்களில் வந்து நின்றது. நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் 4.6 கோடி டாலர் கட்டியது. ஆய்வகக் கண்காணிப்பாளருக்கு மூன்று வருடச் சிறை. செலவைக் குறைக்கச் சொன்னவர் பெயர் எந்த ரூட் கார்டிலும் இருக்காது தம்பி. ஸ்டாம்ப் அடித்தவர் எண் இருக்கும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

அந்த 60 பிராக்கெட்டும், அந்த இரண்டு லாட்டும்

இவை இரண்டும் சட்டத்தின் முன் வேறு வேறு விஷயங்கள். நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்.

சனிக்கிழமை விழுந்த ஸ்டாம்ப்பில் நீங்கள் குற்றவாளி இல்லை. உங்கள் பெயரை வேறொருவர் பயன்படுத்தியிருக்கிறார். ஒருவர் செய்ததைப் போல இன்னொருவர் ஆவணம் உண்டாக்குவதுதான் போலி ஆவணம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆவது பிரிவு அதைப் பற்றியது. அந்த நாளில் நீங்கள் ஆலையில் இல்லை என்பதற்கு பயோமெட்ரிக் பதிவும், லீவு அனுமதியும், கேட் ரிஜிஸ்டரும் சாட்சி. ஆனால் இந்த நிரபராதித்தனத்துக்கு ஆயுள் குறைவு. தெரிந்தும் ஆறு மாதம் வாய் திறக்கவில்லை என்றால், “இவர் சம்மதத்தோடுதான் நடந்தது” என்று எதிர்த்தரப்பு சொல்லும். நான் அவர்கள் வக்கீலாக இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

நீங்களே அடித்த இரண்டு லாட் அப்படி இல்லை. முதலாளியின் பதிவேட்டில் ஊழியர் ஏமாற்றும் நோக்கத்தோடு பொய்யான பதிவு செய்வது அதே சட்டத்தின் 344-ஆவது பிரிவில் வரும். அதிகபட்சம் ஏழு வருடம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ‘ஏமாற்றும் நோக்கம்’ என்பதை நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை, மேலதிகாரி நெருக்கினார், இதெல்லாம் உங்கள் பக்கம் பேசும். நீங்களாக முன்வந்து சொன்னது இன்னும் அதிகமாகப் பேசும். ஆனால் “மேனேஜர் சொன்னார், நான் செய்தேன், பொறுப்பு அவருடையது” என்று எழுதியிருக்கிறீர்களே, அது தவறான நம்பிக்கை. மேலதிகாரியின் உத்தரவு பொய்க் கையெழுத்தைச் சுத்தப்படுத்தாது. இந்த இரண்டு லாட் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுப்பதற்கு முன்பும் ஊரில் ஒரு கிரிமினல் வக்கீலை நேரில் பாருங்கள். ஒரு மணி நேரச் செலவு, அவ்வளவுதான். எழுதும் வார்த்தைகளை அவர் பார்க்க வேண்டும்.

“பெரிய கம்பெனி மறுபடி அளந்து பார்க்காதா?”

மாட்டார்கள், பெரும்பாலும். இது உங்கள் இன்சார்ஜ் உங்களுக்கு ஊட்டிய ஆறுதல் என்று நினைக்கிறேன். முதல் பீஸை முழுசாக அளந்து ஒப்புதல் கொடுத்த பிறகு, வாங்குகிறவர் காகிதத்தை நம்பித்தான் பாகத்தை ஏற்றுக்கொள்கிறார். சாம்பிள் பார்ப்பார்கள், சில சமயம் அதுவும் இல்லை. போயிங்குக்கும் ஏர்பஸ்ஸுக்கும் இந்தியாவிலிருந்து வருடத்துக்குத் தலா நூறு கோடி டாலருக்கு மேல் பாகங்களும் சேவைகளும் போகின்றன. ஒவ்வொரு துளையையும் அங்கே திரும்ப அளந்தால் யாரும் விமானம் கட்ட முடியாது. அதனால்தான் அந்த ஸ்டாம்ப்புக்கு எண் போட்டு உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

காகிதம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு காட்சி சொல்கிறேன். 2023 செப்டம்பரில் போயிங்கின் ரென்டன் ஆலைக்கு வந்த ஒரு 737 மேக்ஸில், விச்சிட்டாவில் அடித்த ஐந்து ரிவெட்டுகள் சரியில்லை. அவற்றைச் சரிசெய்ய, பக்கத்தில் இருந்த கதவடைப்பை (கதவு தேவைப்படாத இடத்தை மூடும் பலகையை) கழற்றினார்கள். ரிவெட் சரியானது. அடைப்பைத் திரும்ப வைத்தார்கள், நான்கு போல்ட்டை மாட்டவில்லை. கழற்றியதற்குப் பதிவு இல்லாததால் மாட்டியதைச் சோதிக்கவும் யாரையும் கூப்பிடவில்லை. 2024 ஜனவரி 5-ஆம் தேதி, 177 பேரோடு போர்ட்லாந்துக்கு மேலே சுமார் 15,000 அடியில் அந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. ஓர் ஆசிரியரின் வீட்டுத் தோட்டத்தில் கிடந்தது. அந்த வேலையைச் செய்தது யார் என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் கடைசி வரை உறுதிசெய்ய முடியவில்லை. அதன் பிறகு எஃப்ஏஏ செய்த தணிக்கையில் போயிங் 89 சோதனைகளில் 33-இல் தேறவில்லை. ஸ்பிரிட் ஆலையில் ஒரு கதவுச் சீலைச் சரிபார்க்க ஹோட்டல் அறைச் சாவி அட்டையைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததைத் தணிக்கையாளர்கள் பார்த்தார்கள். அந்தச் சீலைப் பொருத்த வழுக்கலுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு. நம் ஊர்ப் பட்டறைகளை மட்டும் கேலி செய்கிறவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது உங்களுக்கு மருந்து. 2024 பிப்ரவரியில் சப்ளையர் ஆலையில் ஒரு தொழிலாளி தன் மேலாளரிடம் போய், ஜன்னல் சட்டத்தில் இரண்டு துளைகள் வரைபடத்தில் உள்ளபடி போடப்படவில்லை போலிருக்கிறது என்றார். டெலிவரி ஆகாத சுமார் 50 விமானங்களை நிறுத்தி ரீவொர்க் செய்தார்கள். டெலிவரி தள்ளிப்போனது, பணம் போனது. உடனடி ஆபத்து இல்லை என்று சொல்லி, பறந்துகொண்டிருந்தவற்றை நிறுத்தவில்லை. ஒரு தொழிலாளி சொன்னதால் நடந்தது அவ்வளவுதான். நீங்கள் கற்பனை செய்யும் பிரளயம் எதுவும் நடக்கவில்லை.

உங்கள் 40 மைக்ரானுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கே தெரியும். அனுப்பிய பாகத்தில் குறை இருப்பது தெரிந்தால் கஸ்டமருக்கு எஸ்கேப் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீங்கள் சுவரில் மாட்டியிருக்கும் ஏஎஸ்9100 என்ற விமானத் துறைத் தரச் சான்றிதழின் விதி அது. அங்குள்ள வடிவமைப்புப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, “அப்படியே பயன்படுத்தலாம்” என்று எழுதினாலும் எழுதுவார்கள். பல சமயம் அப்படித்தான் எழுதுகிறார்கள். கஸ்டமர் ஏத்துக்குவான் என்று உங்கள் இன்சார்ஜ் சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். அப்படியானால் அவனிடம் கேட்டுவிட வேண்டியதுதானே? அந்த முடிவை எடுக்க இன்சார்ஜுக்கும் அதிகாரமில்லை, உங்களுக்கும் இல்லை.

கடிதம் இப்படி இருக்கட்டும்

இன்சார்ஜைத் தாண்டி, குவாலிட்டி தலைவருக்கும் ஆலைத் தலைமைக்கும் சேர்த்து எழுதுங்கள். கோபம், குற்றச்சாட்டு, ‘உயிரோடு விளையாடுகிறார்கள்’ போன்ற வசனம் எதுவும் வேண்டாம். வெறும் தேதியும் எண்ணும் போதும்:

“இந்த எண்ணுள்ள லாட்டில் 60 பாகங்களிலும் ஒரு துளை, டாலரன்ஸின் மேல் எல்லையைத் தாண்டி 40 மைக்ரான் கூடுதலாக இருந்ததால் இந்தத் தேதியில் என்சிஆர் பதிவு செய்தேன். அடுத்த இரண்டு நாட்கள் அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தேன். ரூட் கார்டின் இறுதி ஆய்வுக் கட்டத்தில் சனிக்கிழமை தேதியில் என் ஸ்டாம்ப் உள்ளது. அதை நான் அடிக்கவில்லை. என்சிஆர் இப்போது சிஸ்டத்தில் தெரியவில்லை. இந்த லாட் பற்றிக் கஸ்டமருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதையும், என் ஸ்டாம்ப் பயன்படுத்தப்பட்டது குறித்து எடுக்கப்படும் நடவடிக்கையையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவுதான். ஒரு வாரம் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம், பாகம் பயணத்தில் இருக்கிறது. பதில் இல்லையென்றால் அடுத்த படி, உங்களிடம் வாங்கும் நிறுவனத்தின் எதிக்ஸ் ஹெல்ப்லைன். பெரிய விமான நிறுவனங்கள் சப்ளையர் ஊழியர்களிடமிருந்தும் புகார் வாங்குகின்றன, பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். உங்கள் நிறுவனம் பங்குச்சந்தையில் இருந்தாலோ, வங்கிகளில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியிருந்தாலோ, கம்பெனிகள் சட்டம் 177-ஆவது பிரிவின்படி உள்ளேயே ஒரு புகார் ஏற்பாடு இருந்தாக வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் காப்பதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. அதையும் தாண்டினால் எஃப்ஏஏ-வுக்கும் ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ-வுக்கும் இணையத்தில் ரகசியமாகப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. நம் நாட்டின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ-வை நீங்கள் முதலில் நினைத்தது இயல்பு. ஆனால் வெளிநாட்டு உற்பத்தியாளரின் தர ஏற்பாட்டுக்குக் கீழே பாகம் செய்யும் பட்டறையைக் கண்காணிக்கும் பொறுப்பு முதலில் அந்த உற்பத்தியாளருடையது. அதனால்தான் அந்த வழியை முன்னால் வைக்கிறேன்.

யூடியூப் வேண்டாம். இப்போதைக்கு என்றுகூடச் சொல்லவில்லை, வேண்டாம். வீடியோ வந்த மறுநாள் பேச்சு முழுக்க உங்களைப் பற்றித்தான் இருக்கும், துளையைப் பற்றி இருக்காது. அதோடு, செல்போனில் வரைபடங்களைப் படம் எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் நண்பருக்குக்கூட. அந்த வரைபடம் கஸ்டமரின் சொத்து. சில வரைபடங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது தகவல் திருட்டு வழக்கை நீங்களே அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இருக்கும் படங்களை என்ன செய்வது என்பதை வக்கீலைக் கேட்டு முடிவெடுங்கள், அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு சாதாரண நோட்டு வாங்கி, என்றைக்கு, எந்த லாட், யார் என்ன சொன்னார் என்று தேதி போட்டு உங்கள் கையால் எழுதி வையுங்கள். லேபர் கோர்ட்டில் ஒரு கசங்கிய நாற்பது பக்க நோட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பரிசு, பாதுகாப்பு: நண்பர் சொன்னது

நண்பர் பாதி சரி. 2021-இல் ஒரு கார் நிறுவனத்தின் என்ஜின் குறையைச் சொன்ன தென்கொரியப் பொறியாளருக்கு அமெரிக்காவில் 2.4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆனால் அது வாகனங்களுக்கான தனிச் சட்டம். விமானத் துறையில் ஏஐஆர்21 என்ற சட்டம் இருக்கிறது, பழிவாங்கலிலிருந்து பாதுகாக்கும், பரிசு தராது. 90 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2020-இல் அதை விமான உற்பத்தியாளர்களின் ஊழியர்களுக்கும் அவர்களுடைய ஒப்பந்ததாரர்களின் ஊழியர்களுக்கும் விரித்தார்கள். இருந்தாலும் ஓசூரில், ஓர் இந்திய நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவருக்கு அது கைகொடுக்கும் என்று நான் நம்பவில்லை. அதை நம்பி இங்கே வேலையைப் பணயம் வைக்காதீர்கள். அந்தச் சட்டம் முழுசாகக் கிடைப்பவர்களுக்கே பாதை நீளமானது. போயிங்கில் 32 வருடம் வேலை பார்த்த தர மேலாளர் ஜான் பார்னெட் 2017-இல் புகார் கொடுத்தார். 2024 மார்ச்சில், அந்த வழக்கில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் இறந்துபோனார். தற்கொலை என்று போலீஸ் முடிவு செய்தது. வழக்கு அப்போதும் முடியவில்லை.

இதை எழுதும்போது உங்கள் கடிதத்தில் தூக்கம் பற்றி வரும் மூன்று இடங்களும் என் கண்முன் இருக்கின்றன. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். முடியவில்லையென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இங்கே உள்ள நிலைமை: அரசு ஊழியர்களின் முறைகேட்டைச் சொல்பவர்களைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் நிறைவேற்றி அதையே நடைமுறைப்படுத்தாமல் வைத்திருக்கும் நாடு இது. தனியார் நிறுவன ஊழியருக்குத் தனிக் கவசம் இல்லை. உங்களுக்குக் கவசம் தொழிலாளர் சட்டம்தான். “நான் ஸ்டாஃப், தொழிலாளி இல்லை, எனக்கு லேபர் கோர்ட் கிடையாது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெச்ஆர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. பதவிப் பெயரை வைத்துச் சட்டம் பார்ப்பதில்லை, செய்யும் வேலையை வைத்துப் பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை செய்பவர் தொழிலாளிதான், சம்பளம் எவ்வளவு இருந்தாலும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். 18,000 ரூபாய் வரம்பு மேற்பார்வை வேலைக்கு மட்டும். கடிதம் கொடுத்ததற்காக உங்களை வெளியே அனுப்பினால் சமரச அதிகாரியிடம் போகலாம், அங்கிருந்து தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை உடனே திரும்பக் கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன், வருடக்கணக்கில் இழுக்கும். குழந்தை வரப்போகும் நேரம். கையில் ஆறு மாதச் செலவுக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பாண்டும் சான்றிதழும்

பாண்ட் செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் இரண்டு லட்சம் ரூபாய் பாண்டைச் செல்லும் என்றது. எல்லாப் பாண்டும் செல்லும் என்று அதற்கு அர்த்தமில்லை. உங்கள் பயிற்சிக்கு அவர்கள் உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்ற கேள்வி வரும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. பொய்யாக ஸ்டாம்ப் அடிக்கச் சொன்னதால்தான் வெளியேறுகிறேன் என்பது உங்கள் பக்கம் கனமான வாதம். ஆனால் அந்த வாதம் எழுத்தில் இருக்க வேண்டும். சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதி ராஜினாமா கொடுத்துவிட்டு, பிறகு வந்து என்னிடம் நிஜக் காரணத்தைச் சொன்னால் நானும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சத்தமில்லாமல் ரிசைன் செய்வது இருப்பதிலேயே மோசமான வழி. ஸ்டாம்ப் அங்கேயே இருக்கும், காகிதத்தில் உங்கள் எண் இருக்கும், நீங்கள் மட்டும் அங்கே இருக்க மாட்டீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. திருப்பிக் கேட்டு ஒரு மெயில் போடுங்கள், ஆனால் இந்தக் கடிதத்தோடு சேர்த்து வேண்டாம். இரண்டு நாள் முன்னாடியே, ஏதோ வங்கிக் கடனுக்கு வேண்டும் என்று கேட்பது போலக் கேளுங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஸ்டாம்ப். ஷிப்ட் முடிந்ததும் மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் அப்படித்தான் என்று. இன்றிலிருந்து பூட்டிய பெட்டியில் வையுங்கள். லீவு போடும் நாளில் குவாலிட்டி அலுவலகத்தில் ஒப்படைத்து, ரிஜிஸ்டரில் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி ஒரு ரிஜிஸ்டர் இல்லையென்றால் அது வேண்டும் என்பதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.